இரண்டே இருக்கை

மார்ச் 4, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் கூட்டமில்லை. மதியம் முழுக்கக் கண் சோதிக்கும் இருட்டறையில் உட்கார்ந்து கைபேசியில் கார் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்காக வாங்கிய உயரமான ஆட்டோமேட்டிக்கைப் போன மாதம் விற்றாயிற்று. அதை வாங்கும்போது கேட்டதெல்லாம் நினைவிருக்கிறது. சக்கர நாற்காலியை மடக்கினால் பின்னால் போகுமா, கதவு அகலமாகத் திறக்குமா, அம்மாவின் தலை இடிக்காதா? இப்போது கேட்க ஒன்றுமில்லை. ஓட்டக் கற்றுக்கொண்ட நாள் முதல் ஆசைப்பட்ட மாதிரி, தாழ்வான, கியர் போட்டு ஓட்டுகிற, வளைவில் சொன்னபேச்சுக் கேட்கிற வண்டியாக வாங்கலாம். எனக்கு மட்டும் பிடித்தால் போதும். அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 8, சனி

இந்தச் சனிக்கிழமையும் பழைய கார் விற்கும் இடத்துக்குப் போனேன். சிவப்பு டர்போ வண்டி, இரண்டு கதவு. பிய்த்துக்கொண்டு போகிறது, ஆனால் ஸ்டியரிங் பஞ்சைப் பிடித்துத் திருப்புவதுபோல. பக்கத்தில் நின்ற, பின்கூரை சரிந்த கூபே கார் அழகு. டயர் விலையைக் கேட்டதும் அழகு குறைந்துவிட்டது. எனக்குப் பெரிய இன்ஜின் வேண்டாம், எடை குறைவாக இருந்தால் போதும், சாதாரண வேகத்திலேயே வண்டியின் முழுத் திறமையும் தெரிய வேண்டும் என்று விற்பனையாளரிடம் ரொம்ப நேரம் பேசினேன். காபி கொடுத்தார். நல்ல மனிதர்.

அண்ணன் போனில், “ஏழு சீட்டு வண்டியா வாங்கு. நாங்க வந்தா எல்லாரும் ஒண்ணாப் போலாம்” என்றான். வருடத்துக்கு ஒரு தடவை வருகிறார்கள். மற்ற நாட்களில் ஆறு காலி இருக்கையை இழுத்துக்கொண்டு நான் எங்கே திரிவது?

மார்ச் 15, சனி

மறுபடி அங்கேயே போனேன். கை கழுவிவிட்டுத் திரும்பும்போது காதில் விழுந்தது. விற்பனையாளர் புதிதாகச் சேர்ந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “அந்த மேடம் வாங்க மாட்டாங்க. சனிக்கிழமையானா வருவாங்க, ஓட்டிப் பாப்பாங்க, பேசிட்டுப் போவாங்க. வீட்ல யாரும் இல்ல போல. பாவம்.”

குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். வந்து உட்கார்ந்து, மீதிக் காபியைக் குடித்து, நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

நெஜமாவே காரைத்தான் தேடறேனா? இல்ல பேச ஆளா?

மார்ச் 19, புதன்

‘இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா’ — கண் சோதிக்கும்போது கேட்ட இதைத் தவிர இன்று முழுக்க வேறு எதுவும் பேசவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இனிமேல் எங்கும் போவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு விளம்பரம். கூரை திறக்கும் குட்டி வண்டி, இரண்டே இருக்கை, கியர், பழசு. கைக்கு எட்டுகிற விலை. போனேன்.

விற்பவர் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். பெண். இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. “க்ளட்ச் மிதிக்க முடியலைங்க. காலம் பூரா ஒரு கூட்டத்தைப் பின்னாடி ஏத்திக்கிட்டு ஓட்டினேன். அதான் யாரும் ஏற முடியாத வண்டியாப் பாத்து வாங்கினேன்” என்றார். நான் குனிந்து கதவுக்கு அடியில் துரு தேடினேன். “சிரமப்படாதீங்க. எங்க இருக்குன்னு நானே காட்டறேன்.”

பக்கத்தில் ஏறி, காலை மெதுவாக நீட்டிக்கொண்டார். மலையடிவாரச் சாலை. “பயந்து பயந்து ஓட்டாதீங்க. ரெண்டாவது கியருக்கு வாங்க.” வந்தேன். இன்ஜின் குரல் உயர்ந்தது. வளைவில் வண்டி என் இடுப்பைச் சுற்றித் திரும்பியது. சாலையின் ஒவ்வொரு பொடிக்கல்லும் ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வந்தது. யாரோ சத்தமாகச் சிரிப்பது கேட்டது. நான்தான்.

“ஏங்க, உங்களுக்கு எதுக்கு இந்த வண்டி?”

“இதுல எங்கம்மாவால ஏறவே முடியாது” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ. அதற்குமேல் ஓட்ட முடியவில்லை. ஓரம் கட்டி நிறுத்திவிட்டு அழுதேன். அம்மா இல்லை, அதனால்தான் இந்த வண்டி. வண்டி பிடிச்சும் இருக்கு. ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்கும்?

அவர் கூரையின் கொக்கிகளைக் கழற்றிப் பின்னால் தள்ளினார். வெயில் விழுந்தது. கொஞ்சம் கழித்து, “முடிஞ்சதும் சொல்லுங்க. ரிவர்ஸ் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், போட்டுக் காட்டணும்” என்றார்.

ஏப்ரல் 7, திங்கள்

வாங்கிவிட்டால் அப்புறம் சனிக்கிழமைகளில் எங்கே போவேன்?

ஏப்ரல் 12, சனி

வாங்கிவிட்டேன். பஸ் ஓட்டுநர் அக்கா சாவியைக் கொடுத்துவிட்டு வண்டியைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

அண்ணன்: “ரெண்டு சீட்டா? நாங்க எங்க உக்கார்றது?”

“ஒவ்வொருத்தரா வாங்க.”

அவன் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலையில் தனியாக மலைச் சாலையில் ஏறினேன். எந்த வளைவிலும் குறை சொல்ல முடியாது. உச்சியில் நிறுத்தி, ‘பாத்தீங்களா?’ என்று பக்கத்தில் திரும்பினேன். என் கைப்பை இருந்தது.

சந்தோஷம்தான். அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது?

ஏப்ரல் 27, ஞாயிறு

அக்காவுக்குப் போன் செய்தேன். நாலாவது கியரில் ஏதோ சத்தம் வருகிறது என்றேன். ஒரு சத்தமும் வரவில்லை.

“அந்த வண்டில அப்படி வராதே” என்றார். பிறகு, “சரி, எடுத்துட்டு வாங்க. கேட்டுப் பாக்கலாம்.”

கேட்டோம். மாலை வரைக்கும் கேட்டோம்.

மே 10, சனி

முழங்கால் பயிற்சிக்கு அக்காவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். திரும்பும்போது மழை விட்டிருந்தது. கூரையைத் திறந்துகொண்டு சுற்று வழியில் வந்தோம். நான் கியர் மாற்றும்போதெல்லாம் அவருடைய இடது கால் வெறும் தரையை மிதித்தது. பயிற்சி அறையில் அந்த முழங்கால் அவ்வளவு மடங்கவில்லை. நான் கவனித்ததை அவர் கவனிக்கவில்லை.

வாசலில் நிறுத்தினேன். வண்டி தாழ்வு, அக்காவால் எழ முடியவில்லை. இறங்கிப்போய் அந்தப் பக்கம் நின்றேன்.

“பாத்துட்டே நிக்கிறியே, கை குடுடி” என்றார்.

இத்தனை நாளும் என்னை வாங்க, போங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கை கொடுத்தேன்.