உண்ணி மருந்தும் உங்கப்பாவும்

அன்பு மகள் இசைப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் புனேயில் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம். உங்கப்பாவும் சுகம் என்று எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. போனில் சொல்லலாம் என்றால் ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் இந்தக் கடிதம்.

நம்ம செவலைக்கு உண்ணி ஏறிவிட்டது, மாட்டு டாக்டரிடம் கேளுங்கள் என்றேன். கேட்டாரா? குள்ளஞ்சாவடிக்குப் போய், உன் சித்தப்பா முந்திரிக்கு அடித்தது போக மிச்சம் வைத்திருந்த பூச்சிமருந்தை வாங்கி வந்தார். மைன்ஸில் பாதுகாப்பு வாரத்துக்குப் பரிசு கொடுத்தார்களே ஒரு சில்வர் வாளி, அதிலேயே கலக்கி, வெறுங்கையால் மாட்டின் உடம்பு முழுக்கத் தேய்த்தார். கையுறை போடுங்கள் என்றதற்கு, "முப்பது வருஷமா மைன்ஸ்ல கெடக்குறேன், எனக்கே சொல்லிக்குடுக்கிறியா" என்று எகிறினார். அன்றைக்கே மாடு நுரை தள்ளி, நடுங்கி விழுந்தது. டாக்டர் வந்து ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். இவரோ உண்ணியெல்லாம் கொட்டிப்போச்சு பார்த்தீங்களா என்று நம்ம குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்கப் பெருமை பேசிக்கொண்டு திரிந்தார். எனக்கு வந்ததே கோபம்! சரி, தப்பித்தது என்றிருந்தால், சில வாரம் கழித்துப் பின்னங்கால் இரண்டும் தள்ளாட ஆரம்பித்தன, இப்போது தானாக எழுந்திருக்கக்கூட முடியவில்லை. விஷம் நரம்பைக் கெடுத்திருக்கிறது, சில மருந்து இப்படித் தாமதமாகத்தான் வேலையைக் காட்டும் என்றார் டாக்டர். தேய்ச்சவங்க கையுறை போட்டிருந்தாங்களா என்று அவர் கேட்க, உங்கப்பா கொஞ்சமும் கூசாமல் "போட்டுக்கினுதாங்க தேச்சேன்" என்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன்.

இதுவரைக்கும் கோபம்தான். நேற்றிலிருந்து பயமாக இருக்கிறதடி. தவிடு வாங்க வடலூர் போனவர் ஒற்றைச் செருப்போடு வந்து நிற்கிறார். இன்னொன்று எங்கே என்றால் குனிந்து பார்த்துவிட்டு முழிக்கிறார். இந்த வெயிலில், தார் ரோட்டில், வெறுங்கால் சுட்டதுகூடத் தெரியாமல் நடந்து வந்திருக்கிறார். உள்ளங்கால் கொப்பளித்துக் கிடக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "மாட்டுக்குத்தான் வைத்தியம், எனக்கென்னாடி" என்று செவலையின் காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மாட்டைத் தூக்கி நிறுத்தப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லாரும் ஓடிவருகிறார்கள். இவர் விழுந்தால் நான் ஒருத்தி எப்படித் தூக்குவேன், சொல்லு. நீ சொன்னால்தான் கேட்பார். உடனே போன் பண்ணி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல். வெறுங்கையால் தேய்த்ததை அங்கேயாவது மறைக்காமல் சொல்லச் சொல். அங்கேயும் கையுறை போட்டேன் என்று சாதித்தால் டாக்டர்தான் என்ன செய்வார்? நான் எழுதியதாக மட்டும் சொல்லிவிடாதே.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நல்லா இருக்கணும். மறக்காமல் அப்பாவுக்குப் பின்னால் வார் வைத்த செருப்பு ஒரு ஜோடி அனுப்பு. கழன்றால் அவருக்குத் தெரியவில்லை.

உன் அம்மா,
மலர்கொடி