யாழினி எழுதிய ‘ப’வும் ‘ம’வும்

அக். 3, செவ்வாய்

புகைமூட்டம். எதிரே செம்பனைத் தோட்டம் இருப்பதே தெரியவில்லை. பிள்ளைகளை வெளியே விடக்கூடாது என்று தலைமையாசிரியர் (த.ஆ.) உத்தரவு. தொண்டை அரிப்பு, காலையிலிருந்து மாஸ்க்.

படிப்பில் பின்தங்கியவர்களுக்கான குறைநீக்கல் வகுப்பு. ஐந்து பேரும் ஆஜர். சொல்வதெழுதுதல், பத்துச் சொல். தினேஷ் 4. மற்ற மூவர் 5, 6, 6. மூன்றாம் ஆண்டு யாழினிக்கு முட்டை! எப்போதும் ஏழு வாங்குபவள். தாளில் பேரும் தேதியும் மட்டும்.

“ஏன்மா எழுதல?”

என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு. கண்ணில் தண்ணீர்.

தண்ணீர் குடிக்க மாஸ்க்கைக் கழற்றினேன். “சரி, திரும்ப முதல்லேருந்து” என்றேன். உடனே பென்சிலை எடுத்தாள். 7.

சும்மா நடப்பதுபோல அவள் பின்னால் போய் நின்றேன். “யாழினி.” நாலு பேர் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை.

வாங்க வேண்டியது: அரிசி மாவு, முட்டை, இருமல் மருந்து. எதையும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக். 4, புதன்

இன்னும் புகை. யாழினியின் பழைய நோட்டுகள், இரண்டு வருஷத்தது, எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். நான் சொன்னது – அவள் எழுதியது:

மாடு – பாடு
படம் – மடம்
பல் – மல்
மலை – பலை

பக்கம் பக்கமாக இதே தப்பு. கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன். மாடு. பாடு. உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

ஒவ்வொரு தப்புக்கும் கீழே சிவப்பு மையில் நான்: ‘கவனம் இல்லை’, ‘எழுத்துக் குழப்பம்’. ரிப்போர்ட்டில் ‘மெதுவாகக் கற்பவள்’. மூன்று இடத்தில் என் கையெழுத்து. இதற்கென்றே தனியாகப் படித்துவிட்டு வந்தவள் நான்.

த.ஆ.: “போன வருஷம்தான் கண்ணு டெஸ்ட் பண்ணோமே?”

“கண்ணு இல்ல சார். காது.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அக். 5, வியாழன்

யாழினி அம்மா மல்லிகா வந்தார். எஸ்டேட் நாற்றுப் பண்ணை வேலை, பூட்ஸில் மண். எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று காரிலேயே பேசிப் பார்த்திருந்தேன்.

“அக்கா, யாழினிக்கு காது...”

“தெரியும் டீச்சர்.”

உட்கார்ந்துவிட்டேன்.

“நாலு வயசுல காய்ச்சல் வந்துச்சு, அப்புறம்தான். வெளிய சொன்னா தூர ஸ்கூல் ஹாஸ்டல்ல போட்டுருவாங்கன்னு லயத்துல அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க பயங்காட்டிட்டாங்க. எம்புள்ளைய விட்டுட்டு எப்படி டீச்சர் இருப்பேன்? வாயப் பாத்துப் புரிஞ்சிக்க நாந்தான் பழக்கினேன். டீச்சருங்க கண்டுபுடிச்சா அப்பப் பாத்துக்கலாம்னு இருந்தேன். யாரும் கண்டுபுடிக்கல.”

கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

போகும்போது: “நீங்க போர்டு பக்கம் திரும்பிப் பேசுனா மட்டும் ஒண்ணும் வெளங்கலன்னு வீட்டுல சொல்லுவா.”

இரண்டு வருஷம். எத்தனை தடவை திரும்பியிருப்பேன்.

அக். 19, வியாழன்

மழை. என் காரில் யாழினி, மல்லிகா, நான், மூவரும் கிள்ளான் ஆஸ்பத்திரி. ஒன்பது மணிக்குப் போய் இரண்டு மணிக்கு ரிசல்ட். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. காதுக்கு மெஷின் வைத்தால் நிறையக் கேட்குமாம்.

மல்லிகா கேட்டது ஒன்றே ஒன்று: “ஸ்கூல் மாத்தணுமா?”

மாற்ற வேண்டாம், இப்போதைய பள்ளியிலேயே படிக்கலாம், டீச்சர் முகம் தெரிகிற மாதிரி முன்னால் உட்கார வைத்தால் போதும் என்றார் டாக்டர். மல்லிகா அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து வருஷம் மறைத்தது. ஒரே கேள்வியில் முடிந்துபோனது.

நவ. 28, செவ்வாய்

வெயில். யாழினி மெஷினோடு முதல் நாள். நாலு பேரும் அவளைச் சுற்றி. “சார்ஜ் போடணுமா?” – தினேஷ்.

எல்லாரையும் உட்கார வைத்து, சொல்வதெழுதுதல். முதல் சொல்லைச் சொன்னேன். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

“வலிக்குதாமா?”

“இல்ல டீச்சர். நீங்க கத்துறீங்களா?”

“இல்லையே. பேசுறேன்.”

“டீச்சர் எப்பவும் இப்படித்தான் லா” என்றான் தினேஷ்.

யாழினி என்னைப் பார்த்தாள். பிறகு அந்த நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

“அப்ப நீங்கல்லாம் டெய்லி இதக் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?”