அடர்ந்தது, பிறகுதான் வெளிறியது

அக்கா, இன்று காலை ஆய்வகத்தில் செம்புத் துண்டின் மேல் நைட்ரிக் அமிலம் விட்டேன். பழுப்புப் புகை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. என் கோபம் மட்டும் போகவில்லை.

இந்தக் கொடைக்கானல் பள்ளியில் வேதியியலுக்கு நாம் இருவர்தான் இருந்தோம். ஜன்னலைத் திறந்துவிட்டு, குளிருக்குச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்தப் புகையை ஊசியில்லாத சிரிஞ்சில் இழுத்து முனையை அடைப்பீர்கள். "கண்ணச் சிமிட்டாம பாருங்க" என்று ஒரே அமுக்கு. பழுப்பு சட்டென்று அடரும். மறுநொடி கொஞ்சம் வெளிறும். "கூக்கால் போற பஸ்ல நெரிசலானா ஒரு சீட்டுல ரெண்டு பேரு ஒக்காருவீங்கல்ல? அப்படித்தான். நெருக்குனதும் மொதல்ல நெறம் கூடுது. அப்பறம் ரெண்டு பழுப்பு மூலக்கூறு சேந்து நெறமில்லாத ஒண்ணா ஆயிருது." வகுப்பே சிரிக்கும்; பக்கத்தில் நின்று நானும் பார்ப்பேன்.

பொதுத்தேர்வில் அதையே கேட்டார்கள்: அழுத்தத்தைக் கூட்டினால் நிறம் என்னவாகும்? விடைக்குறிப்பில் ஒரே சொல்தான், 'வெளிறும்'. விடைத்தாள் திருத்தும் முகாமில் உங்கள் கட்டுக்குள் ஒரு தாள் வந்தது. 'முதலில் அடரும், பிறகு வெளிறும்' என்று யாரோ ஒரு பிள்ளை பார்த்ததை எழுதியிருந்தது. நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

"சார், இதுதாங்க சரி. செஞ்சு பாத்திருக்கேன்."

தலைமைத் திருத்துநர் தாளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "ஆன்சர் கீயில இருக்கா மேடம்? இல்லல்ல? ஜீரோ போடுங்க."

"வேற யாராச்சும் பாத்திருக்கீங்களா?" என்று அறையிலிருந்தவர்களைக் கேட்டீர்கள். கடைசியில் என்னைப் பார்த்தீர்கள். நான் சிவப்புப் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். வெரசா முடித்து மலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் அன்று என் கவலை.

புகையையே காணாமல் மனப்பாடம் செய்தவர்களுக்கு முழு மதிப்பெண். பார்த்தவர்களுக்குப் பூஜ்யம். இது எந்த ஊர் நியாயம்? நம் பிள்ளைகளுக்கும் அதே கதிதான். மன்னவனூரிலிருந்து ஒரு அப்பா, மகளின் விடைத்தாள் நகலோடு வந்து நின்றார். "பாத்தத எழுதுனா மார்க்கு போயிருமா டீச்சர்? அப்பறம் எதுக்குங்க புள்ளைக்குக் காட்டுனீங்க?"

அடுத்த வருடம் நீங்கள் சிரிஞ்சைத் தொடவில்லை. 'வெளிறும்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை அக்கா. நோய் உங்களைக் கொண்டுபோனது பிறகு; அந்த அறை அதற்கு முன்பே உங்களைப் பாதி கொன்றுவிட்டது. அந்த அறையில் நானும் இருந்தேன்.

இப்போது நான் ஒவ்வொரு வகுப்புக்கும் அதைச் செய்து காட்டுகிறேன். இந்த வருட முகாமில் அதே கேள்வி, அதே ஒற்றைச் சொல். எழுந்து, "நான் பாத்திருக்கேன் சார்" என்றேன். முறைத்தார்கள். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. மதிப்பெண் தந்தார்களா என்றால், இல்லை. எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எழுந்து நிற்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை அக்கா. அன்று நீங்கள் என் முகத்தைப் பார்த்தபோதும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.