கையை இறக்காத சார்ஜென்ட்

கிராண்ட் ஐலண்ட், நெப்ராஸ்கா
ஜூன், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள லாரெட்டா,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உன்னைச் சுற்றி அத்தனை பேர் இருக்கிறார்களே, நலமில்லாமல் இருக்க விட்டுவிடுவார்களா? காகிதத்தில் எழுத இவனுக்கு என்ன வந்தது என்று யோசிப்பாய். போன வாரம் நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு உன் உதவியாளர், அந்தக் கேப்டன், "தகவல் ஜெனரலின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்படும்" என்று பதில் போட்டிருந்தார். என் பெண்டாட்டிக்கு நான் எழுதினால் அது தகவலாம்! அதனால்தான் உறையின் மேல் "அவரே பிரிக்கவும்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். அதையும் மீறிப் பிரித்திருந்தால், கேப்டன் தம்பி, இந்த வரியோடு மூடி வைத்துவிடுங்கள்.

தோளில் மூன்றாவது நட்சத்திரம் தருகிறார்கள், ஹவாயில் பதவி, மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று போனில் சொன்னாய். "நீ என்ன நினைக்கிற, கிளிஃப்?" என்றும் கேட்டாய். உன் அப்பா போனில் காதை ஒட்டவைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றார். "பெருமையா இருக்கு" என்று சொல்லி வைத்தேன். பெருமைதான், பொய்யில்லை. ஆனால் சொல்ல நினைத்தது வேறு.

உன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. அவர் துணைக்கு என்னை இங்கே விட்டபோது நீ நினைத்த மாதிரி மூட்டுவலி இல்லை. நுரையீரல். இனி மருந்தால் ஆகப்போவது ஒன்றும் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சோளம் அறுக்கிற வரைக்கும் இருந்தால் பெரிய விஷயம் என்றார். இங்கே சோளம் இப்போதே முழங்கால் உயரம் நிற்கிறது.

இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்பது உன் அப்பா எனக்கு இட்ட உத்தரவு. நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவன், என் வாழ்நாளில் ஒரு நாளும் சீருடை போட்டதில்லை என்றேன். கேட்டால்தானே! "மேடம்கிட்ட மூச்சு விட்ட, வாத்தியாரே, தோலை உரிச்சுருவேன். அவங்க கீழ எத்தனை ஆயிரம் பேரு இருக்காங்க தெரியுமா? இந்தக் கெழவனுக்கு இருமல்னு அவங்களைக் கூப்புடுவியா?" என்றார். பெற்ற மகளை மேடம் என்கிற மனிதரோடு நான் எப்படி மல்லுக்கட்டுவது?

நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நடக்கிற கூத்து உனக்குத் தெரியாது. மணி அடித்ததும் மூக்கிலிருந்து ஆக்சிஜன் குழாயைக் கழற்றிவிடுவார். தண்ணீர் குடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாம் பக்காவா இருக்கு மேடம், வாத்தியார்தான் புல்லு வெட்டாமச் சோம்பேறியா திரியுறாரு" என்பார். நீ சிரிப்பாய். நீ போனை வைத்த பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவார். போதாக்குறைக்குப் புல்லை நான் ஒழுங்காகத்தான் வெட்டுகிறேன்.

டாக்டரிடம் போகவேண்டும் என்றால் காரில் சட்டென்று ஏறிவிட மாட்டார். முதலில் காரைச் சுற்றி ஒரு நடை. டயரைத் தட்டிப் பார்த்து, கீழே எண்ணெய் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்து, மூச்சு வாங்கி, என் தோளில் சாய்ந்து நின்றுவிட்டுத்தான் ஏறுவார். போர் விமானங்களைத் தயார்செய்து அனுப்பிய மெக்கானிக் சார்ஜென்டாம், பார்க்காமல் எதையும் நகர விடமாட்டாராம். ஆக்சிஜன் கொண்டுவருகிற நர்ஸ் பெவர்லியையும் விடுவதில்லை. "இந்த வால்வை எவன் முடுக்குனான்? இவனெல்லாம் என் கையில கெடைச்சிருந்தா ஓடுபாதையைப் பெருக்க விட்டிருப்பேன்" என்று அவளிடம் சத்தம் போட்டார். அவளும் சளைத்தவள் இல்லை. "நான்தான் முடுக்குனேன் தாத்தா, வெளக்குமாறு எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

என் கதையையும் கொஞ்சம் கேள். இதுதான் கடைசி இடமாற்றம் என்று டெக்சாஸில் சொன்னாய். ஜப்பானில் சொன்னாய். வாஷிங்டனில் சத்தியமே செய்தாய். நான் ஒவ்வொரு ஊரிலும் வேலையை விட்டுவிட்டு, அடுத்த ஊரில் புதிதாக ஒரு பள்ளிக்கூடத்துப் படியேறினேன். அதிகாரிகளின் மனைவிமார் கூட்டத்தில் ஒற்றை ஆணாக உட்கார்ந்து கேக்கைப் பற்றி அபிப்பிராயம் சொன்னேன். நம் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகள் இன்னமும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. பெட்டி மேல் ஒவ்வொரு இடமாற்றத்தின் வில்லையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, அட்டையே தெரியவில்லை. இதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டதில்லை என்று எழுத வந்தேன். வருத்தப்பட்டேன். எரிச்சலும் பட்டேன். ஆனாலும் உன்னோடுதான் வந்தேன், திரும்பக் கூப்பிட்டால் மறுபடியும் வந்து தொலைவேன்.

அவரால் வர முடியாது, லாரெட்டா. அதுதான் இந்த முறை வித்தியாசம்.

நீ அதிகாரியான நாள் நினைவிருக்கிறதா? புது அதிகாரிக்கு முதல் சல்யூட்டை ஒரு சார்ஜென்ட் அடிக்க வேண்டும், அதிகாரி அவர் கையில் ஒரு வெள்ளி டாலர் கொடுக்க வேண்டும் என்பது உங்கள் வழக்கம். உன் அப்பா தொப்பையில் பொத்தான் போடமுடியாத பழைய சீருடையோடு வந்து நின்று அடித்தார். நீ டாலரைக் கொடுத்தாய், அழுதாய், அவரைக் கட்டிக்கொள்ளவும் போனாய். பதில் சல்யூட் அடிக்க மட்டும் மறந்துவிட்டாய். மேலதிகாரி பதில் அடித்து இறக்கும்வரை கீழே இருப்பவர் கையை இறக்கக் கூடாதாமே! மனிதர் அசையவில்லை. உன் அம்மா, "போதும் எமில், கையை எறக்கு, எல்லாரும் சிரிக்கிறாங்க" என்று சட்டையைப் பிடித்து இழுத்தார். "லெப்டினன்ட் அடிச்சு எறக்காம நான் எறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நீ கையைத் தூக்கி இறக்கிய பிறகுதான் அவர் கை இறங்கியது. அதன் பிறகு நீ ஏறிய ஒவ்வொரு பதவிக்கும் முதல் சல்யூட் அவருடையதுதான். எந்த ஊரானாலும் பஸ் பிடித்தாவது வந்து நின்றிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிட்டார். காகிதக் கைக்குட்டையில் சுற்றி எதையோ என் கையில் வைத்தார். பிரித்தால் அந்த வெள்ளி டாலர். தேய்ந்து மழுங்கிப்போய் இருக்கிறது. "ஹவாய் ரொம்பத் தூரம், வாத்தியாரே. இதை மேடத்துக்கு அனுப்பு. மூணாவது நட்சத்திரத்துக்கு மொதச் சல்யூட் அடிக்கிற பயலுக்கு இதைக் குடுக்கச் சொல்லு. நல்ல பயலாப் பாத்துக் குடுக்கச் சொல்லு" என்றார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "நான் என்ன உங்க தபால்காரனா? அவ வந்தா நீங்களே குடுங்க" என்று கத்திவிட்டேன். சாகப்போகிற மனிதரிடம் கத்தியதற்கு எனக்கு வெட்கமில்லை. அவர் மட்டும் என்ன, பதிலுக்குக் காப்பி ஆறிப்போச்சு என்று கத்தினார்.

டாலரை நான் அனுப்பப் போவதில்லை. சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்த உறையில் தேடாதே.

நேற்றுக் காலை நடந்ததைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். கடைக்குப் போய் அவருக்குப் பிடித்த கசகசா வைத்த கொலாச்சி பன் வாங்கி வந்தேன். நான் திரும்பியது அவருக்குக் கேட்கவில்லை. வாசல் சன்னல் வழியே பார்த்தால், நடையில் இருக்கிற கண்ணாடிக்கு முன்னால் குழாயோடு நின்றுகொண்டிருந்தார். வலது கையைத் தூக்கிப் பார்க்கிறார். தோள்வரை வருகிறது, காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறது, புருவத்துக்கு எட்டவில்லை. இறக்கி மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் தூக்குகிறார். உன்னைக் கூப்பிடக் கூடாது என்று உத்தரவு போட்ட மனிதர், லாரெட்டா! வரமாட்டாள் என்று டாலரைத் திருப்பிக் கொடுத்த மனிதர்! நான் கொலாச்சியை அப்படியே வாசல்படியில் வைத்துவிட்டு, கதவைச் சத்தமாகத் திறந்து அப்போதுதான் வந்தவன்போல உள்ளே போனேன். "புல்லு வெட்டுனியா?" என்று கேட்டார்.

நட்சத்திரத்தை வாங்கிக்கொள், வேண்டாம் என்று சொல், அது உன் இஷ்டம். நான் நினைப்பதைக் கேட்டாய் என்றால், எனக்கு நீ வீட்டுக்கு வர வேண்டும், பீங்கான் தட்டில் சாப்பிட வேண்டும். அதைப் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம். இப்போது விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறு. சீருடையில் வா. வாசலில் உன்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நிற்பார். நான் பிடித்துக்கொள்கிறேன். கை எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்க்காதே. அழு, கட்டிக்கொள், எல்லாம் பிறகு. முதலில் பதில் சல்யூட் அடி. நீ இறக்காமல் அவர் இறக்க மாட்டார், அவருக்குக் கை வலிக்கிறது.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்
கிளிஃப்