தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே

வேங்கிக்கால், திருவண்ணாமலை
13-2-1984

கோதண்டராமனுக்கு,

எட்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். 'அன்புள்ள' என்று தொடங்க மனம் வரவில்லை.

நேற்று அடி அண்ணாமலைப் பள்ளித் தலைமையாசிரியை கஸ்தூரி என் பட்டறைக்கு வந்தார். "சார், கிளாஸ் நடுவுல அந்த இரும்புத் தூணு நிக்குது. பின்னாடி உக்கார்ற பசங்களுக்கு போர்டே தெரியல. எடுத்துடலாம்னு நீங்க எழுதிக் குடுத்தா ஆபீஸ்ல ஒத்துக்கறாங்க" என்றார். வைத்தவரைக் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

ஜவ்வாது மலை மூங்கிலைப் பிளந்து, பூச்சி அரிக்காதிருக்க வெண்காரம் கரைத்த தண்ணீரில் பத்து நாள் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, பசை தடவித் திருகுச் சட்டத்தில் இறுக்கி நாம் இருவரும் செய்த உத்தரம்தான் அந்த வகுப்பின் கூரையைத் தாங்குகிறது. இருபது அடி. நாலு பேர் தோளில் வைத்துக்கொண்டு கிரிவலப் பாதையில் நடந்தோம். "இன்னாங்க, உள்ள வெறும் காத்தா?" என்று பழக்கடைக்காரர் கேட்டதற்கு நீதான் அதிகம் சிரித்தாய்.

நான் வேலூர் போயிருந்த நாளில் அதன் அடியில் தூண் நட்டாய். நம் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் வரைந்தால் மற்றவன் சரிபார்த்து முதலில் கையெழுத்துப் போடுவான். வரைந்தவன் அதற்குக் கீழேதான் போடுவான். அந்தத் தூணுக்கு என் கையெழுத்தை நீ கேட்கவில்லை. மூங்கில் தாங்காது என்று ஊருக்கு எழுதி ஒட்டியது போல அது நிற்கிறது. அன்றிலிருந்து நான் அந்தப் பள்ளிக்குள் போகவில்லை. அதற்குப் பிறகு உத்தரம் கேட்டு ஒருவரும் என்னிடம் வரவுமில்லை. படித்த படிப்புக்கு ஏணியும் பந்தல் கழியும் விற்கிறேன்.

தூணை எடுக்கலாமா, கூடாதா? ஒரு வரி எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
அ. அப்பாசாமி

சைதாப்பேட்டை, சென்னை-15
17-2-1984

அன்புள்ள அப்பாசாமி,

நீ விட்ட 'அன்புள்ள'வையும் சேர்த்து நானே போட்டுவிட்டேன். என் இரண்டு கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியவனுக்கு இப்போது ஒரு வரி வேண்டுமாம். ஒரு வரியில் முடியாது.

அன்று பார்வையிட வந்த அதிகாரி, "மூங்கிலுக்குக் கீழ பசங்கள உக்கார வெக்கறியா? நடுவுல தூணு வை, இல்லன்னா நாளைக்கே பிரிச்சுடு" என்றார். வைத்தேன். ஆனால் தூணின் தலை உத்தரத்தைத் தொடவில்லை. ஒரு பென்சில் நுழையும் இடம் விட்டிருக்கிறேன். கீழே நின்று பார்த்தால் தெரியாது. உன்னிடம் சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே தேரடித் தெருவில் நின்று ஊரெல்லாம் சொல்லியிருப்பாய், கூரையைப் பிரித்திருப்பார்கள். அந்த அதிகாரி போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் பயம் இருந்தது. உத்தரம் தொய்ந்தால் தூணில் உட்காரட்டும், பிள்ளைகள் தலையில் வேண்டாம் என்று நினைத்தேன். அந்த அளவுக்கு நம் வேலையைச் சந்தேகப்பட்டேன். அதற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

ஏணி வைத்து ஏறிப் பார். தூண் என்ன சொல்கிறதோ அதுதான் உன் கேள்விக்குப் பதில்.

உன்
கோதண்டன்

வேங்கிக்கால்
21-2-1984

அன்புள்ள கோதண்டா,

இன்று காலை போனேன். கஸ்தூரி ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பாத்து சார், உங்கள புடிக்க அங்க தூணு இல்ல" என்றார். பள்ளிக்கூடம் வரைக்கும் நம் சண்டைக் கதை தெரிந்திருக்கிறது.

பென்சில் நுழையவில்லை. உத்தரம் தூணில் இறங்கிவிட்டது என்றே நினைத்தேன். பிறகு உன் கடிதத்தை நாலாக மடித்து அந்த இடுக்கில் விட்டேன். எங்கும் சிக்காமல் அந்தப் பக்கம் வந்தது. மூன்று முறை விட்டு விட்டு எடுத்தேன். உத்தரம் ஓடுகளின் பாரத்தில் ஒரு நூல், அரைக்கால் அங்குலம், இறங்கி, அதோடு நின்றிருக்கிறது. எட்டு மழைக்காலமும் தனியாகத்தான் தாங்கியிருக்கிறது. பூச்சி அரித்த பொடி இருக்கிறதா என்று மேலே தடவினேன். சிலந்தி வலைதான் கையில் வந்தது. கீழே இறங்கி, முதல் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் இடிக்க வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உன் பயத்தை நீ மறைக்கவில்லை; நானும் சொல்கிறேன். இத்தனை வருஷம் உள்ளே போகாததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. உத்தரம் தூணில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிடுவேனோ என்ற பயம். உன் கடிதங்களைப் பிரிக்காததும் அதனால்தான். உன்னைத் திட்டுவதற்கு நிறைய சேர்த்து வைத்திருந்தேன். இன்று தேடினால் பாதிக்கு மேல் காணோம். மீதியை நேரில் வாங்கிக்கொள்.

தூணை எடுக்கலாம் என்று பள்ளிக்கு எழுதிய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். எழுதியவன் நான். ஆகவே நீ சரிபார்த்து முதலில் கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கடிதமும் அப்படித்தான். இதில் தப்பிருந்தால் திருத்து. இரண்டையும் தபாலில் அனுப்பாதே, பஸ் ஏறி நீயே எடுத்துக்கொண்டு வா. உன் பெயருக்குக் கீழே என் பெயரைப் போடுகிறேன். அதுவரை இடம் காலியாக இருக்கட்டும் என்று, கையெழுத்தில்லாமலே உறையை ஒட்டித் தபால் பெட்டியில் போடப் போகிறேன்.