ஒரே தாயின் பாலைக்கன்றுகள்

என்னோடு வாய் காட்டாமல் ஒரு நாளும் தேத்தண்ணி குடிக்காத அன்பு றெஜினா மச்சாளுக்கு,

போன கிழமை உங்கள் ஆண்டு நினைவுப் பூசை. பூசை நன்றாகத்தான் நடந்தது. அதற்குப் பிறகு நடந்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

உங்கள் நினைவாகப் பெரியமடுப் பக்கம் பாலைமரம் நடுவதென்று பங்குச் சபை முடிவெடுத்திருந்தது. வயலும் றோட்டும் வந்ததில் காடு இரண்டு துண்டாகிப் போனதே, அதற்கு நடுவில் உள்ள வெறும் நிலம். இரண்டு துண்டும் திரும்பச் சேர அங்கே மரம் வேண்டுமென்று நீங்கள் கேட்டுக் கேட்டே அலுத்துப் போனீர்கள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. பூசை முடிந்து, பாலம் தாண்டிப் போய், லொறியில் இருந்து கன்றுகள் இறங்கும்வரைதான் அந்தச் சந்தோஷம்.

"எங்கையிருந்து கொட்டை எடுத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"எங்கட கோயில் வளவுப் பாலையிலதான். அதின்ர பழமெண்டால் றெஜினா அக்காவுக்கு உயிரல்லோ!" என்றார் சபைத் தலைவர், பெருமையாக.

முழு லொறியும் ஒரு மரத்துப் பிள்ளைகள்! நம் ஆட்கள் வேறு எப்படிச் செய்வார்கள்? பழக் காலத்தில் பூசை முடிந்து எல்லாரும் அந்த மரத்தடியில் தின்று துப்புகிற கொட்டையைப் பொறுக்கினால் வேலை முடிந்தது. சப்பென்ற பழம் காய்க்கிற மரத்தைத் தேடி யார் போவார்கள்? கரடிகூட மரத்துக்கு மரம் மாறித் தின்று கொட்டையைக் காடெல்லாம் போட்டுவிட்டுப் போகிறது. இப்போது அதுவும் அந்த றோட்டைத் தாண்டுவதில்லை.

நாற்றுமேடையில் வேலை செய்த காலத்தில் நீங்களும் நானும் எத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தினோம்? பல தாய்மரங்களின் கொட்டை வேண்டும், ஒரு மரத்துப் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே கலந்தால் அடுத்த தலைமுறை சவலையாகும், ஒரு நோய் வந்தால் எல்லாம் சேர்ந்து படுத்துவிடும் என்று. கேட்டார்களா? தலையைத் தலையை ஆட்டினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஃபாதர், கலியாணத்துக்கு முதல் மூண்டு ஞாயிறு கோயிலில பேர் வாசிக்கிறியள். கூடாத உறவெண்டால் ஆராவது எழும்பிச் சொல்லட்டும் எண்டுதானே? இதுகள் முழுக்க ஒரு வயித்துப் பிள்ளையள். நான் சொல்லுறன், இந்தக் கலியாணம் செய்ய ஏலாது."

ஃபாதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவ சொல்லுறது சரி. கண்டுகளை வீட்டுக்கு ஒண்டாக் கொண்டுபோங்கோ, வளவுக்கு நிழலாகும்" என்றார்.

என் மனுசனுக்கு, அதுதான் உங்கள் தம்பிக்கு, சிரிப்பு வரவில்லை. "அக்கான்ர நாளில ஒரு கண்டு வைக்க விடமாட்டியோ?" என்று என்னை எல்லார் முன்னாலும் ஏசினார். அன்று தொடக்கம் வீட்டில் பேச்சில்லை. சோறு மட்டும் தின்கிறார்.

அவரையும் குறை சொல்ல முடியவில்லை. அக்காவுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற தவிப்பு. எனக்கு மட்டும் அது இல்லையா? ஏன் மச்சாள், இத்தனை சண்டையையும் என் தலையில் கட்டிவிட்டு அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?

அடுத்த பழக் காலத்தில் காட்டின் இரண்டு துண்டுக்குள்ளும் போவேன். கோணல் மரம், குட்டை மரம், ஒருவரும் வாயில் வைக்காத பழம் காய்க்கிற மரம், ஒன்றையும் விடமாட்டேன். சாக்குச் சுமக்க உங்கள் தம்பியையும் இழுத்துக்கொண்டு போவேன். வழியெல்லாம் ஏசட்டும். அதுவரை உங்கள் பெயரில் ஒரு மரமும் அங்கே நிற்காது. அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அந்த ஒரு வயிற்றுப் பிள்ளைகளை நட்டிருந்தால்தான் கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் தம்பியோடு இன்னும் கோபத்தில் இருக்கும்,
உங்கள் மச்சாள்
ஸ்ரெலா