நெஞ்சுச் சூடு

அன்புள்ள அத்தைக்கு,

வித்யா எழுதுகிறேன். மாமாவின் முழங்கால் வலி தேவலையா? என் பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா? திருமழிசையில் மழை. நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நேற்று எங்கள் சுகாதார நிலையத்தில் பானுப்பிரியா என்ற பெண்ணுக்கு எடை குறைவாக ஒரு மகன் பிறந்தான். அவளுக்குத் தையல் போடும்போதே பிள்ளையின் பாதம் சில்லிட்டுவிட்டது. குளிப்பாட்டினால் சூடு வந்துவிடும் என்று அவள் மாமியார் வாளியில் வெந்நீரோடு வந்தார். குளிப்பாட்டினால் இன்னும் சில்லிடும் என்று தடுத்தேன். கம்பெனியிலிருந்து ஓடிவந்த தகப்பன் கிஷோரைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, பிள்ளையை வெறும் நெஞ்சில் சாய்த்துப் போர்த்திவிட்டேன்.

"ஆம்பள நெஞ்சுல இன்னாம்மா சூடு கீது?" என்று மாமியார் கோபித்துக்கொண்டார். பிறகு அவரே பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வாளியை வெளியே வைத்தார். பானுப்பிரியா பிள்ளையைக் கேட்டபோது கிஷோர், "இன்னும் கொஞ்ச நேரம் வச்சிகினு கீறேனே" என்றான்.

கவலைப்படாதீர்கள், பிள்ளை இப்போது நன்றாகப் பால் குடிக்கிறான்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. தென்காசியிலிருந்து யாராவது இங்கே வந்தால் இட்லிப்பொடி கொடுத்துவிடுங்கள். கூடவே பாப்பா போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றும் வையுங்கள். துவைக்க வேண்டாம், அத்தை.

வித்யா